தலைவர் காரின் மௌனம்

காஸிம் அந்த வருடம் சொன்ன தேதிக்கு வந்துவிட்டான். காஸிம் என்பது எங்கள் டிசம்பர் புயலின் பெயர். அலெக்சாந்திரியாவில் ஒவ்வொரு மழைப்புயலுக்கும் ஒரு பெயரும் நாட்காட்டியில் ஓர் இடமும் உண்டு. அரசு அலுவலர்களில் பலரைவிட நேரத்துக்கு வருகிறவர்கள் அவர்கள்தான். காஸிம் வந்த அன்று காலை, கரையோர இடைவெளிகளுக்கான பொது ஆணையத்தின் வாசலில் தலைவருடைய புதுக் கார் ரிவர்ஸ் கியரில் நின்றுகொண்டு விடாமல் கத்தியது. பின்னால் சுவர் இல்லை, ஆள் இல்லை, பூனைகூட இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

கடலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடவேண்டும் என்று ஊருக்குச் சொல்வது இந்த ஆணையத்தின் வேலை. ஆணையத்தின் சொந்தக் கட்டடம் எங்கே நிற்கிறது என்பது, அலை வந்து கீழ்த்தள ஜன்னலைக் கழுவிவிட்டுப் போகும் நாட்களில் மட்டும் ஊழியர்களுக்கு ஞாபகம் வரும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தலைவர் டாக்டர் ரிஃபாத் இடைவெளிகளில் பட்டம் வாங்கியவர், இடைவெளி பார்த்துத்தான் மனிதர்களோடும் பழகுவார். காரை மட்டும் டிரைவரிடம் விடமாட்டார். தூரத்தைக் கணக்குப் போடத் தெரிந்தவன் இன்னொருவனை ரிவர்ஸ் எடுக்கவிடுவது தொழிலுக்கே அவமானம் என்பது அவருடைய கட்சி.

வாகனப் பிரிவின் ஒரே இன்ஜினியர் வக்தி. நல்ல பையன், வேலை தெரிந்தவன், யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் உடனே "சரி" என்று சொல்லிவிடுகிறவன். அவன் வாழ்க்கையில் நடந்த பெரிய காரியங்கள் எல்லாம், கல்யாணம் உட்பட, இப்படி நடந்தவைதான். மழையில் நனைந்தபடி குனிந்து பார்த்ததுமே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ரிவர்ஸில் ஏதாவது குறுக்கே இருந்தால் எச்சரிக்க, பம்பரில் சட்டைப் பொத்தான் மாதிரி பதிந்திருக்கும் சென்சார்களுக்குப் பின்னால் ஒயர் சேருகிற பிளக்கில் உப்புத் தண்ணீர் புகுந்து, செம்புக் கால்களில் களிம்பு ஏறியிருந்தது. ஈரம் பட்டால் சென்சாருக்கு எல்லாமே சுவராகத் தெரியும். பம்பரைக் கழற்ற வேண்டும், களிம்பைச் சுரண்ட வேண்டும், காய வைத்து, ரப்பர் வளையத்தை மாற்றி, கிரீஸ் தடவி மூட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிகிற வேலை.

ஆனால் எங்கள் நாட்டில் அரசுச் சொத்து என்று ஒன்று கிடையாது. எல்லாமே யாரோ ஒருவருடைய பொறுப்பில் இருக்கும். நாற்காலி ஒருவர் பெயரில், மேசை விளக்கு இன்னொருவர் பெயரில். தொலைந்தால் அவருடைய சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் தன் பொறுப்பில் இருக்கும் பொருளை இன்னொருவன் தொடாமல் பார்த்துக்கொள்வதிலேயே ஒரு மனிதனுடைய உத்தியோக காலம் கழிந்துவிடும். தலைவர் காரின் வெளிப்பாகங்கள் மேடம் இன்ஷிராவின் பொறுப்பு. சென்சாரோ தூரத்தை அளக்கும் கருவி, ஆணையத்தின் ஆதாரத் தொழிலைச் சேர்ந்தது. ஆகவே அது தலைவருடைய பொறுப்பு. பம்பரைத் திறந்தால் ஒருவர் பொறுப்புக்குள் இன்னொருவர் பொறுப்பு வெளியே தெரியும். இப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை.

பொறுப்புப் பிரிவின் தலைவி மேடம் இன்ஷிரா மேசைமேல் துணி விரித்து முலோக்கியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வக்தி சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, கோபமே இல்லாமல், நல்லது சொல்கிற குரலில் விளக்கினார்.

"கழட்டின பம்பர் பம்பர் இல்ல உஸ்தாத் வக்தி. அது பழைய பிளாஸ்டிக். நான் பம்பருக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன், பிளாஸ்டிக்குக்குப் போடல."

வக்தி, மறுபடி மாட்டிவிடுவேன் என்றான்.

"மாட்டினப்புறம் அது அதே பம்பர்தான்னு யார் சொல்றது? சரி, வெயில் வந்தா இந்தச் சத்தம் நிக்குதா இல்லையா?"

நிற்கிறது என்று ஒப்புக்கொண்டான்.

"அப்ப கோளாறு கார்ல இல்ல, மழையில. மழை நம்ம பொறுப்புல இல்ல," என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினார்.

அன்று மதியமே தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். கெய்ரோவிலிருந்து ஒரு பெரிய விருந்தாளி வரப்போவதாகவும், அவரைத் தன் காரில் அழைத்துவர இருப்பதாகவும் சொன்னார். அந்த மனிதரை வைத்துக்கொண்டு வாசலில் கார் இப்படி அழுதால் ஆணையத்தின் மானம் என்ன ஆவது என்று கேட்டார். சென்சார் சரியாக வேலை செய்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அவருக்குச் சத்தம் நிற்க வேண்டும். "நாளைக்குள்ள எனக்கு அமைதி வேணும்," என்றார், குரலைக் கொஞ்சம் உயர்த்தி.

வக்தி "சரி" என்று சொல்லிவிட்டான்.

டிக்கிக்குள் ஓரத்தில், சத்தம் போடுகிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அது யாருடைய பொறுப்பிலும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வக்தி அதன் ஒயரைப் பிடுங்கினான். மேலே போய், "சரி பண்ணிட்டேன் டாக்டர்," என்றான். விருந்தாளி வந்து போனதும் மாட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். விருந்தாளி வருகையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். வக்தியும் ஒயரைத் தள்ளிப்போட்டான். நடுவில் தலைவர் எல்லார் முன்னாலும் அவன் தோளைத் தட்டி, மழையிலும் பேசாத காரைத் தந்தவன் என்று புகழ்ந்துவிட்டார். பாராட்டு வாங்கின பிறகு ஒயரை மாட்டுவது ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் கஷ்டமானது. ராத்திரி படுத்தால் அந்தப் பிடுங்கின ஒயர்தான் நினைவுக்கு வந்தது. காலையில் அலுவலகம் வந்ததும் மறந்ததாகப் பாவனை செய்தான்.

ஆணையத்தின் வாசல் நடைபாதையோரம் கார்களை ஒதுக்கிவிடுகிறவர் பகீத். அஸ்வான் பக்கத்து ஆள், வெயிலில் கறுத்த மெலிந்த உடம்பு. கார் வைத்திருக்கிற எல்லாரும் அவருக்குப் பாஷா. "வரட்டும் பாஷா, வரட்டும், கொஞ்சம் ஒடி, போதும்," என்று நாள் முழுக்க அந்தக் குரல் கேட்கும். யாரும் அவரை நியமித்ததில்லை, ஆனால் அவர் இல்லாமல் அந்தத் தெருவில் ஒரு காரும் நிற்காது. கார்க்காரர்கள் கையில் திணிக்கும் சில்லறைதான் அவர் வீட்டு அடுப்பு. வக்தியிடம் கார் கிடையாது என்பதால் அவன் பாஷா ஆகவில்லை, தம்பி ஆனான்; அவர் அவனுக்குச் சாச்சா ஆனார்.

ஜனவரியில் ஃபைதா வந்தாள். காஸிமைவிடப் பெரியவள். வக்தி ஜன்னலருகே சூடான சஹ்லப் பால் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தலைவர் காரை ரிவர்ஸ் எடுத்தார். பகீத் பின்னால் நின்று கையசைத்தார். பிறகு "போதும்" என்றார். பிறகு "போதும் பாஷா, போதும்" என்று கத்திக்கொண்டே டிக்கியை அறைந்தார். கார் நிற்கவில்லை. மூடின கண்ணாடிக்குள் மழைச்சத்தத்தில் அவர் குரல் எங்கே கேட்கும்? வக்தி மேலே நின்றபடி அந்தப் பெட்டி கத்தட்டும், கத்தட்டும் என்று வேண்டிக்கொண்டான். அதன் வாயைக் கட்டினது தான்தான் என்பது அவனுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. பகீத்தின் கணுக்கால் பம்பருக்கும் நடைபாதை இரும்புத் தூணுக்கும் நடுவில் மாட்டி ஒடிந்தது.

தலைவர் குடையோடு இறங்கினார். கீழே கிடந்தவரைப் பார்த்தார், காரைப் பார்த்தார், காதைத் தீட்டிக் கொஞ்ச நேரம் கேட்டார். "சத்தம் வரலயே," என்றார் பகீத்திடம். "அப்ப இடம் இருந்திருக்கு."

மறுநாளே விசாரணைக் குழு அமைந்தது. சம்பவத்துக்கு மிக அருகில் இருந்தவர் என்பதால் தலைவரே குழுவுக்கும் தலைவர். பம்பரில் கீறல் விழுந்திருந்ததால் மேடம் இன்ஷிரா பாதிக்கப்பட்ட தரப்பாகவும் உறுப்பினராகவும் அமர்ந்தார். தொழில்நுட்ப உறுப்பினர் வக்தி. காருக்கு முத்திரை வைத்துப் பின்முற்றத்தில் பூட்டிவிட்டார்கள். இனி நினைத்தாலும் அவனால் அந்த ஒயரைத் தொடமுடியாது.

முதல் கூட்டத்தில் பகீத்தின் கால் பற்றிய பேச்சு வந்தது. அது யார் பொறுப்பிலும் இல்லாததால் மேலே நகரவில்லை. பம்பர் பற்றிய பேச்சு நெடுநேரம் நடந்தது. பிறகு வக்தியிடம் கேட்டார்கள்: சம்பவத்தின்போது சென்சார் தேவையில்லாத சத்தம் எதுவும் போட்டதா? போடவில்லை என்றான். அது உண்மை. உண்மையைச் சொல்லி ஒருவன் இவ்வளவு கூசமுடியும் என்று அவன் அதுவரை அறிந்ததில்லை. சென்சார் சத்தம் போடவில்லை என்றால் இடம் இருந்தது, இடம் இருந்த இடத்தில் ஒரு கால் இருந்தது, ஆகவே கால்தான் விதியை மீறியது என்று குழு முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. பகீத்தை அந்த நடைபாதையிலிருந்தே அப்புறப்படுத்தச் சொல்லி நகராட்சிக்கு எழுதுவது என்றும் பேச்சு வந்தது.

வக்தி ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான். பகீத்தோ அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பயப்படாதே, எலும்பு சேர்ந்துவிடும் என்று அவனுக்கே ஆறுதல் சொன்னார். அலுவலகத்திலிருந்து வந்த ஒரே ஆள் இவன்தான் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமையாக வேறு சொன்னார். அவர் உரித்துக் கொடுத்த ஆரஞ்சைத் தின்றுவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினான்.

கடைசியில் சம்பவத்தை மறுபடி நடத்திப் பார்ப்பது என்று தீர்மானமானது. அதற்கு மழை வேண்டும். நாட்காட்டியில் இல்லாத மழை செல்லாது என்றார் மேடம் இன்ஷிரா. தோட்டத்துக் குழாய் இன்னொரு பிரிவின் பொறுப்பு. ஊழியர்கள் சந்தா போட்டு வாங்கின தேநீர்க் கெண்டி மட்டும்தான் கட்டடத்தில் யார் பொறுப்பிலும் இல்லாத பாத்திரம். ஆகவே ஃபைதா புயலின் சார்பில் தேநீர்க் கெண்டி இறங்கி வந்தது. நல்ல வெயிலில், முற்றத்து நடுவில், மேடம் இன்ஷிரா பம்பர்மேல் கெண்டித் தண்ணீரை ஊற்ற, தலைவர் காரில் ஏறி உட்கார்ந்தார். பகீத்தையும் வரவழைத்திருந்தார்கள். மாவுக்கட்டும் இரண்டு கோலுமாக அவர் வந்தார். சம்பவம் அப்படியே நடக்க வேண்டும் என்பதால், காருக்குப் பின்னால் அன்று நின்ற அதே தூரத்தில் அவரை நிற்கவைத்தார்கள்.

அவரும் நின்றார். இதற்குப் பிறகாவது இடம் திரும்பக் கிடைக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

இஞ்சின் உறுமியது. பின்விளக்கு எரிந்தது. கார் ஊமையாக நகர ஆரம்பித்தது.

வக்தி ஓடினான். பகீத்துக்கும் பம்பருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு இரண்டு கையையும் தூக்கினான். பின்பார்வைக் கண்ணாடியில் ஓர் இன்ஜினியர் தெரிந்ததால் தலைவர் பிரேக்கை மிதித்தார். இதற்கு முன் கண்ணாடியில் ஒரு நடைபாதைக்காரர் தெரிந்தபோது அந்த யோசனை வரவில்லை.

"ஒயரை நான் பிடுங்கிட்டேன் டாக்டர்," என்றான் வக்தி. "சென்சாரைச் சரி பண்ணல. சத்தப் பெட்டியோட ஒயரைப் பிடுங்கிட்டு சரி பண்ணிட்டேன்னு பொய் சொன்னேன். சாச்சா மேல தப்பே இல்ல. அவர் கால் ஒடிஞ்சது என்னால."

டிக்கியைத் திறந்து தொங்குகிற ஒயரைக் காட்டினான். தலைவர் இறங்கி வந்து பார்த்தார். மேடம் இன்ஷிரா பார்க்கவில்லை. பார்த்தால் அது அவர் பொறுப்புக்குள் வந்துவிடும். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கூட்டத்தில் பேசுகிற மாதிரி பேசினார்.

"இடைவெளிகளுக்கான ஆணையத்தோட தலைவர் நான். நான் ரிவர்ஸ் எடுத்தேன். சத்தம் இல்லைன்னு நம்பி எடுத்தேன். நீ சொல்றது நிஜம்னா, இல்லாத ஒண்ணை நம்பி நான் ஒரு மனுஷன் காலை ஒடிச்சிருக்கேன். இந்தப் பதவியில இருக்கிற ஒருத்தர் அப்படிச் செய்ய முடியுமா? முடியாது. அதனால ஒயர் அன்னைக்கு இருந்தது. இன்னைக்குத்தான் இல்ல. நீ நல்ல பையன் வக்தி, ரொம்ப உணர்ச்சிவசப்படுற."

மேடம் இன்ஷிராவும் தன் பங்குக்கு, காரில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தான் மாதாமாதம் கையெழுத்துப் போட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். தன் கையெழுத்துக்கு எதிராக ஒரு ஒயர் பிடுங்கப்பட முடியாது என்றார். இந்த வாதத்துக்குக் குழு தலைவணங்கியது.

தீர்ப்பு அங்கேயே, வெயிலில், கெண்டியைச் சுற்றி நின்றபடி வந்தது. கார் குற்றமற்றது. அதன் மௌனம் ஒரு சாதனை. ஆணையத்தின் எல்லாக் கார்களிலும் இனி இதே மௌனம் ஏற்பாடு செய்யப்படும். அதைக் கண்டுபிடித்த வக்திக்குப் பாராட்டு. யாரும் தொடாதபடி டிக்கிப் பெட்டிக்கு மேடம் இன்ஷிரா அரக்கு வைத்தார். கார்கள் மௌனமாகிவிட்டதால் மழைக்காலத்தில் பின்னால் ஓர் ஆள் நிற்பது அவசியம் என்றும் குழு கண்டது. ஆனால் அந்த ஆள் ஆணையத்தின் ஆளாக இருக்க வேண்டும், இரண்டு காலும் சரியாக இருக்க வேண்டும். ஆகவே வாசல் நடைபாதை, அதன்மேல் உள்ள அனைத்துடனும், வக்தியின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. பகீத் விலக வேண்டும்.

வக்திக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மனிதன் தன் தப்பைக் கையில் ஏந்திக்கொண்டு போனால் வாங்கிக்கொள்ள ஓர் ஆள்கூட இல்லாத கட்டடத்தில் இத்தனை வருடம் இருந்திருக்கிறோமே என்று நினைத்தான்.

பகீத்தைத் தாங்கிப் பிடித்து எதிர்ச்சாரித் தேநீர்க்கடைக்குக் கூட்டிப்போனான். அவர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். தேநீர் வந்தது. அவர் அதைக் குடிக்கவில்லை.

"அந்தக் கார் கத்திக்கிட்டு இருந்தவரைக்கும் நான் தள்ளித்தான் நிப்பேன்," என்றார். "அதுவே சத்தம் போடுது, நமக்கென்னன்னு. திடீர்னு அது ஊமையாயிடுச்சு. சரி, இனிமே இந்த மனுஷனுக்கு நம்மதான் சத்தம்னு நினைச்சேன். டிக்கியைத் தட்டுற தூரத்துக்குக் கிட்ட வந்தேன். நீ ஒயரைப் பிடுங்கின. அந்த ஒயர் இருந்த எடத்துல நான் போய் நின்னேன். அவ்வளவுதான் நடந்தது தம்பி."

வக்தி தலை நிமிரவில்லை. அந்த மனிதர் கவனமில்லாமல் மாட்டிக்கொண்டார் என்று எங்கோ ஒரு மூலையில் அவன் நம்பிக்கொண்டிருந்தான். அந்த மூலையும் போய்விட்டது. மன்னித்துவிடுங்கள் சாச்சா என்றான். சொல்லும்போதே அந்த வார்த்தை வெட்கமாக இருந்தது.

"அதெல்லாம் என்னைக் கேக்காத. கால் ஆறட்டும், அதைக் கேளு." பகீத் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "நடைபாதை உன் பொறுப்புதான இப்ப? அதுமேல இருக்கிற எல்லாமும்?"

ஆமாம் என்றான்.

"அப்ப நான் அங்க நாற்காலி போட்டு உட்கார்ந்துக்குறேன். கார்க்காரங்க குடுக்கிறதை நான் வாங்கிக்குவேன். நீ நில்லு."

"எங்க நிக்கணும் சாச்சா?"

"நான் நின்ன எடத்துல."

அடுத்த மழைக்கு நாட்காட்டியில் பெயர் இல்லை. சும்மா பெய்தது, ஆனால் பலமாகப் பெய்தது. பகீத் பக்கத்துத் தையல்கடைக் கூரைக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வக்தி தெருவில் நனைந்துகொண்டு நின்றான். மற்றவர்களின் கார்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. கடைசியில் தலைவருடைய கார் வந்து, முன்னே போய், பின்விளக்கு எரிய, ஒரு சத்தமும் இல்லாமல் அவனை நோக்கி வந்தது.

தூரத்திலிருந்து பார்க்கும்போது தெரியாத ஒன்று பக்கத்தில் நின்றால் தெரிகிறது: அது எவ்வளவு வேகமாக வருகிறது என்பது. "போதும்" என்றான். அவனுக்கே கேட்கவில்லை. வாழ்நாளில் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாத தொண்டை அது. "போதும் டாக்டர்," என்று மறுபடி முயன்றான். ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லின. அவனுக்குப் பின்னால் இரும்புத் தூண் இருந்தது. இரண்டு உள்ளங்கையாலும் டிக்கியை அறைந்தான், வலிக்க வலிக்க அறைந்தான். பம்பர் கால்சட்டையைத் தொட்டு நின்றது.

கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. தலைவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"தள்ளுப்பா, இன்னும் இடம் இருக்கு."

"இல்ல டாக்டர்," என்று தெருவே கேட்கும்படி கத்தினான் வக்தி. "இங்க நான் நிக்கிறேன்."

கண்ணாடி ஏறி மூடிக்கொண்டது. பின்விளக்கு அணையவில்லை. வக்தி கையை எடுக்காமல் அங்கேயே நின்றான்.